அந்த வீடியோவில் அப்பாவுக்கு வந்தது சாமி இல்லை

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரோகிணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜெயராஜும் என் பேத்தி கவிஷாவும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனா போகிறது. அப்படியே எழுதினால் அது பொய்யாகிவிடும், அதனால் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம் என்று மட்டும் எழுதிவைக்கிறேன். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போன் வந்தால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஆடுகிற வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, “நல்லா இருக்கேன்லா, நீ எப்படி இருக்க” என்பார். அப்பா தேறிவிட்டார் என்று நீயும் நினைத்துக்கொள்வாய். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது? இப்போது பசியாறிவிட்டு அறையில் படுத்திருக்கிறார், நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்தும் கோணல்மாணலாக இருக்கும். எனக்கு வியாதி ஒன்றும் இல்லை, பயம்தான்.

வியாழக்கிழமை நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். யாரோ உனக்கு அனுப்பிய வீடியோவில் அப்பா கோயில் வாசலில் கண் இமைக்காமல், கையில் வேப்பிலையோடு, நெற்றி முழுக்கத் திருநீறோடு ஆடிக்கொண்டு போகிறார் என்றாய். “அப்பாவுக்குச் சாமி வந்திருக்கு, ஊரே பாத்திருச்சு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே” என்றாய். அப்புறம் கோபம் வந்து, “எல்லாம் அந்த டான்ஸ் கிளாஸால வந்தது, இனிமே அப்பாவ எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க, வீட்டுலயே வச்சுக்குங்க, விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்கிறது” என்றாய். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும் “சரிம்மா சரி” என்று போனை வைத்துவிட்டேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படி, பாதியில் வைத்துவிட்டு எனக்குப் போன் போடாதே. அதற்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவில் அப்பாவுக்கு முன்னால் சேலை கலைந்து, கொண்டை அவிழ்ந்து, பின்பக்கமாகவே ஆடிக்கொண்டு போகிற ஒரு பைத்தியக்காரி தெரிவாளே, அது உன் அம்மா. நீ என்னை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். கை நடுங்கும், நடை மெதுவாகும், மருந்து சாப்பிட்டால் சமாளிக்கலாம் என்ற அளவில்தான் உனக்குத் தெரியும். போனில் தெரியாத ஒன்று இருக்கிறது. அவருக்குக் கால் ஒட்டிக்கொள்கிறது. நடந்துகொண்டே இருப்பார், ஒரு வாசலைக் கடக்க வேண்டுமென்றால், இரண்டு பேருக்கு நடுவில் நுழைய வேண்டுமென்றால், திரும்ப வேண்டுமென்றால், பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிவிடும். மேலுடம்பு முன்னால் போகும், கால் வராது. மூளை கொடுக்கிற உத்தரவு பாதத்துக்குப் போய்ச் சேரவில்லை என்கிறார் டாக்டர். நாற்பதடி கண்டெய்னர் லோரியைப் போர்ட் கிள்ளான் சந்து பொந்தெல்லாம் நுழைத்து எடுத்த மனிதர், நம் வீட்டுக் குளியலறை வாசலில் நிற்கிறார். ஒரு தடவை பெரிய டாக்டரைப் பார்க்கக் கொம்யூட்டர் ரயிலில் போனோம். கே.எல். சென்ட்ரலில் எல்லோரும் இறங்குகிறார்கள், இவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார். கதவு மூடப்போகிற சத்தம் வருகிறது, கீழே ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது, நான் பிளாட்பாரத்தில் நின்று அவர் கையைப் பிடித்து இழுக்கிறேன். இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறார். பின்னால் நின்ற ஒரு மலாய்க்காரப் பிள்ளை கதவைத் தோளால் தடுத்து நின்றிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அன்று டாக்டரிடம் நான் அழுத அழுகையில்தான், ஆடப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அது கேலி மாதிரி இருந்தது. நடக்கவே வராதவரை ஆடச் சொல்கிறாரே, இவர் படித்த டாக்டர்தானா என்று வழி முழுக்கப் புலம்பினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தின் மாடியில் சனிக்கிழமை காலையில் நடக்கிறது அந்த வகுப்பு. நடத்துகிறவள் அனுப்பிரியா என்று ஒரு பெண், உடற்பயிற்சி மருத்துவம் படித்தவள், உன் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் பாசாரில் மீன் விற்கிற குரல். வியாதிக்காரர்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன், உள்ளே பார்த்தால் ஒரே கலவை. குழந்தை பெற்று உடம்பு ஊதிப்போன ஒரு பெண், போனை விட்டு நிமிராத பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு, எண்பது தாண்டிய ஒரு சீனத்துப் பாட்டி, முன்பு ரொட்டி சானாய்க் கடை வைத்திருந்த முகமது ரஃபீக் அங்கிள் என்று எல்லா வயதும் இருந்தது. ஏன் இப்படி ஒன்றாகப் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். “ஆன்டி, சின்னதுங்களுக்கு எலும்பு பலமாகும், பெரியவங்களுக்கு எலும்பு உடையாம இருக்கும், ரெண்டுக்கும் ஒரே ஆட்டந்தான்” என்றாள். நெஞ்சு வேகமாகத் துடித்து ரத்தம் நன்றாக ஓடுமாம், ஒற்றைக் காலில் பாரத்தை மாற்றி மாற்றிப் பழகுவதால் தடுமாறினாலும் விழமாட்டார்களாம், அடுத்து எந்த அடி என்று நினைவு வைக்க வேண்டியிருப்பதால் மூளையும் சோம்பேறியாகாதாம். இதையெல்லாம் அவள் ஆடிக்கொண்டே சொல்கிறாள், மூச்சு வாங்குவதில்லை. எனக்கு மாடி ஏறியதற்கே வாங்கியது.

அப்பாவுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது இதுதான். கால் ஒட்டிக்கொண்டால் முன்னால் போக முயற்சி செய்யாதே, பதறாதே, பாட்டில் தாளத்தைப் பிடி, இடது பக்கம் சாய், வலது பக்கம் சாய், பாரம் மாறுவது தெரிந்ததும் ஒரே ஒரு பெரிய அடியாக எடுத்துவை. தாளம் காது வழியாகப் போய், பழுதான பாதையை விட்டுவிட்டு வேறு பாதையில் காலுக்கு உத்தரவு கொடுக்குமாம். முதல் நாள் நான் சுவரோரமாக நின்று, இவர் எந்தப் பக்கம் விழுவார், எந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் விழவில்லை. ரயில் கதவில் சிலையாக நின்ற மனிதர் அந்த மண்டபத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, கையை வீசி, தொடையைத் தூக்கி, போய்விட்டுத் திரும்பி வந்தார். கொஞ்ச நாளில் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார், கட்டிலில் தானாகப் புரண்டு படுத்தார், குரல் கொஞ்சம் ஏறியது, மலச்சிக்கல்கூடக் குறைந்தது, சிரிக்காதே, அது இந்த வியாதியில் பெரிய தொல்லை. வியாதி போய்விடாது ஆன்டி, ஆனா அது ஜெயிக்க நாளாகும் என்றாள் அனுப்பிரியா. ரஃபீக் அங்கிளுக்கு ஏறிய சுகர் இறங்கி, டாக்டர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார். கீழே விழுந்து விழுந்து எழுந்த சீனத்துப் பாட்டி இந்த வருடம் விழவே இல்லையாம். ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. வாராவாரம் சுவரோரமாகத்தான் நின்றேன். ஆன்டி நீங்களும் வாங்க என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் முழங்காலைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். கல்யாண வீட்டில்கூடக் கையைத் தூக்காதவள் நான், என்னைப் போய் ஆடச் சொன்னால்?

இனி வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். சில வாரங்களுக்கு முன்னால் நம் தாமான் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. அப்பாவுக்கு இப்படி ஒரு வியாதி என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது, சொல்லக்கூடாது என்று அவர் கட்டளை. குடிகாரன் கை மாதிரி ஆடுதுன்னு பேசுவாங்க என்று அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தால்தான் எல்லாம் வந்தது. மதிய மாத்திரை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தவறினால் உடம்பு இறுகிப்போகும். பூஜை தள்ளிக்கொண்டே போனது, மாத்திரை என் கைப்பையில் இருந்தது, எடுத்து நீட்டினால், “ஆளுங்க பாக்குறாங்க, அப்புறம் சாப்பிடுறேன்” என்று தலையைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதம் யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று இப்போது தெரிகிறதா? கடைசியில் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எழுந்தோம். கோயில் வாசல் குறுகல், இரண்டு பக்கமும் கூட்டம். அங்கே கால் ஒட்டிக்கொண்டது. நான் பதறிப்போய்ப் பக்கத்தில் நிற்க, அதே நேரத்தில் உறுமி மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். வகுப்பில் சொன்னபடியே இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், பெரிய அடி எடுத்துவைத்தார், கையைத் தூக்கினார். ஆகா, படித்த பாடம் சமயத்துக்கு உதவுகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன் ரோகிணி. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. இந்த வியாதியில் முகத்தில் அசைவு போய்விடும், சிரிப்பும் தெரியாது அழுகையும் தெரியாது, கண் இமைப்பதும் குறைந்துவிடும். மருந்து தவறியதால் உடம்பு முழுக்க நடுக்கம் வேறு. கண் நிலைகுத்தி, உடம்பு நடுங்கி, உறுமிச் சத்தத்துக்கு ஒருவர் அம்மன் வாசலில் ஆடினால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ சாமி வந்திருச்சு என்று கத்தினார்கள். இரண்டு ஆண்கள் பாய்ந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள், சாமி ஆடுகிறவர் விழாமல் இருக்கப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். அப்புறம் வாக்குக் கேட்க வேண்டுமென்று மேளத்தை நிறுத்திவிட்டார்கள். தாளம் நின்றதும் அப்பாவும் நின்றுவிட்டார். கால் ஒட்டிவிட்டது, வாய் அசைகிறது, குரல் வரவில்லை. “எந்தச் சாமி வந்திருக்கீங்க, சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். உன் பஞ்சவர்ணம் அத்தை, வியாதி தெரிந்த சொந்த அக்காவே, “தம்பி உடம்புல ஆத்தா வந்துட்டா” என்று காலில் விழுந்துவிட்டார். நான் விடுங்கள் விடுங்கள் என்று அழுகிறேன், ஓர் ஆள் என்னைத் தள்ளி, “அக்கா, பொம்பளைங்க குறுக்க வராதீங்க, ஆத்தா கோவிச்சுக்கும்” என்கிறான். மஞ்சள் வேட்டி கட்டிய இன்னொருவர் தாம்பாளத்தில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வருகிறார். எரிகிற சூடத்தை அப்பா உள்ளங்கையில் வைக்கப்போகிறார்கள். அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை, கண்ணில் மட்டும் இருந்தது. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் கண் தெரியாதா?

அப்போது நான் செய்ததைச் சொல்கிறேன் கேள். வியாதி என்று சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. கூந்தலை நானே அவிழ்த்துவிட்டுக்கொண்டு, “ஆத்தாவுக்குச் சூடம் வேணாம்! மேளம் கேக்குறா! வெளிய போகணும்ங்கறா, வழி விடுங்கடா!” என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. இடுப்பைப் பிடித்திருந்த கைகள் விலகின. உறுமி திரும்பவும் முழங்கியது. நான் அப்பாவுக்கு எதிரில் போய் நின்று, வகுப்பில் சுவரோரமாகப் பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்த அதே ஆட்டத்தை, இடது வலது சாய்ந்து, ஒவ்வோர் அடியாகப் பின்பக்கம் ஆடிக்கொண்டே போனேன். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. அவர் என் காலையே பார்த்துக்கொண்டு அடி அடியாக வந்தார். கூட்டம் கும்பிட்டுக்கொண்டு விலகியது. ரோட்டோரம் நின்ற நம் காரில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். நீ பார்த்தது அந்த வாசலிலிருந்து ரோடு வரைக்குமான ஆட்டம்தான். அம்மன் பெயரைச் சொல்லி அவள் வாசலிலேயே பொய் சொல்லிவிட்டேனே என்று ஒரு பக்கம் கிலி. மறுநாள் போய் விளக்கு வைத்துவிட்டு, தாயே, அந்தக் கையில் சூடு விழாமல் இருக்கத்தான் சொன்னேன், தண்டனை என்றால் எனக்குக் கொடு என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்குக் காலில் ஓர் எறும்பு கடித்தாலும் அவள்தானோ என்று இருக்கிறது.

அதற்கப்புறம்தான் நிஜமான பயம் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்று திருநீறு கேட்கிறார்கள். வெட்கத்தை விட்டு எல்லோரிடமும் வியாதியைச் சொல்லிவிட்டேன், அதுவும் ஆத்தா கொடுத்ததுதான் என்கிறார்கள். பஞ்சவர்ணம் அத்தை வந்து, சாமி இறங்கின உடம்புக்கு மாத்திரை எதற்கு, மண்டபத்தில் போய்ப் பாட்டுப் போட்டு ஆடுவது பாவம் இல்லையா என்று ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனார். மாத்திரை டப்பாவை இப்போது நான் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், பாசத்தில் அத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று. ஆனால் அவரைவிட எனக்குப் பெரிய பயம் அப்பாதான். அந்த நாளிலிருந்து அவர் வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. சனிக்கிழமை வந்தால் வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவார். நாற்காலி, டிவி, கட்டில், அவ்வளவுதான். ஒருநாள் கெஞ்சிக் கேட்டேன், ஆடப் பயமாக இருக்கிறதா என்று. “ஆடுறதுக்குப் பயமில்ல தனம். புடிக்கிறதுக்குத்தான் பயம்” என்றார். பின்னாலிருந்து யாரோ பிடிக்கப்போகிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலேயே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். நானும் உன்னை மாதிரிதான் நினைத்தேன், போகட்டும், வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று. நீ போனில் சொன்னதற்கு நான் சரி என்றது அதனால்தான்.

நீ கூப்பிட்ட மறுநாள் காலையில் விழுந்தார். பதறாதே, எலும்பு ஒன்றும் உடையவில்லை, கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்துவிட்டோம். குளியலறை வாசலில் கால் ஒட்டி, மேலுடம்பு முன்னால் போய், முகம் குப்புற. உதடு கிழிந்து ரத்தம். என்னால் தூக்க முடியவில்லை ரோகிணி. தலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டை நோக்கிக் கத்தினேன், அவர்கள் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்த ஈரத் தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை, இப்படியே போய்விடுவாரோ என்று நினைத்தேன், மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டத்தால் விழவில்லை, ஆடாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்ததால் விழுந்திருக்கிறார், கால் எல்லாம் கட்டை மாதிரி இறுகிவிட்டது, இப்படியே உட்கார்ந்தால் அடுத்தது சக்கர நாற்காலி என்றார். பத்திரம் பத்திரம் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவரை எங்கே கொண்டுபோய் விடப் பார்த்தோம், பார்த்தாயா?

நேற்றுக் காலை திரும்பவும் அதே குளியலறை வாசல், திரும்பவும் நின்றுவிட்டார். தாளம் வேண்டும் என்று போனில் உறுமி மேளத்தைப் போட்டேன், அவ்வளவுதான், முகம் வெளுத்து, கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அத நிறுத்து, நிறுத்து” என்றார். அந்தச் சத்தமே இப்போது அவருக்கு ஆகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத்தான் பார்த்தேன். அப்போது ஏனோ லோரி ஞாபகம் வந்தது. லோரியைப் பின்னால் எடுக்கும்போது கூட வரும் கெலிண்டன் பையன் இறங்கிப் போய் நின்று, லோரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தப் தப் என்று தட்டிக்கொண்டே கொஸ்தான், கொஸ்தான், பின்னால வா என்று கூப்பிடுவானே, அதைக் கேட்டு அப்பா கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் எடுப்பாரே. நான் கதவில் அப்படித் தட்டினேன். தப், தப், தப். “வா வா வா, நேரா வா, லெஃப்ட்ல இடம் இருக்கு, வா” என்றேன். அப்பாவின் தோள் தளர்ந்தது. இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், பெரிய அடியாக எடுத்து உள்ளே வந்துவிட்டார். வந்து நின்று, “தனம், கெலிண்டன் இவ்வளவு வேகமா தட்டமாட்டான். லோரி இடிச்சிரும்” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அனுப்பிரியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். தாளம் எதுவா இருந்தா என்ன ஆன்டி, அங்கிள் நம்புற தாளமா இருந்தா சரி, சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வாங்க, பின்னால யாரும் நிக்காம நான் பாத்துக்கிறேன் என்றாள்.

ஆகவே வருகிற சனிக்கிழமை போகிறோம். கொம்யூட்டர் கதவில் நான் தட்டப்போகிறேன், பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். மண்டபத்தில் இனிமேல் சுவரோரமாக நிற்கப்போவதில்லை, அவரோடு சேர்ந்து ஆடப்போகிறேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. ரயிலை நினைத்தால் பயம், வாசலை நினைத்தால் பயம், நான் அவருக்கு முன்னால் போய்விட்டால் யார் தட்டுவார்கள் என்று நினைத்தால் ரொம்பப் பயம். ஆனால் பயந்து உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று அந்த ஈரத் தரையில் பார்த்துவிட்டேன். நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வலி என்கிறாய், சாயங்காலம் கவிஷாவோடு ஒரு பாட்டுப் போட்டு ஆடு. மாப்பிள்ளையையும் இழுத்து விடு, போன தடவை வீடியோ காலில் தொப்பை தெரிந்தது. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே. உடம்புக்கு வயதாவதற்கு முன்னாலேயே தாளத்தைப் பழக்கிவைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு நாள் தேவை வரும்.

தீபாவளிக்கு வருகிறீர்கள், டிக்கெட் எடுத்தாயிற்று, அதனால் இதை மட்டும் மறக்காதே. ஏர்போர்ட்டில் நீங்கள் வெளியே வரும் இடத்தில் அப்பா நிற்பார். உங்களைப் பார்ப்பார், கை தூக்கமாட்டார், சிரிக்கமாட்டார், ஓர் அடிகூட எடுத்துவைக்கமாட்டார். அப்பாவுக்கு நம்மைப் பார்த்துச் சந்தோஷம் இல்லையோ என்று நினைத்துவிடாதே, உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஓடி வந்து கட்டிப் பிடிக்காதே, கையைப் பிடித்து இழுக்காதே, கவிஷாவையும் பின்னாலிருந்து கட்டிக்கொள்ள விடாதே. பள்ளி விடுமுறையில் அவர் லோரியில் ஏறிக்கொண்டு போவாயே, கெலிண்டனை இறங்க விடாமல் நானே தட்டுவேன் என்று அடம்பிடிப்பாயே, அந்த மாதிரி நின்ற இடத்தில் நின்று உன் பெட்டியைத் தட்டு. அவர் வருவார். அதுவரைக்கும் பொறுத்திரு.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், கால் ஓயாமல், நெடுங்காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். குளிர் சட்டை போடாமல் வெளியே போகாதே.

உன் அம்மா,
தனலெட்சுமி

பின்குறிப்பு: உறையில் போடும்போது அறை வாசலில் தப் தப் என்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா தானே கதவு நிலையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார், திட்டுவார் என்று நினைத்தேன், பேனாவைக் கேட்டார். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருப்பது அவர் எழுத்து, அவருக்கு இப்போது எழுத்தும் சின்னதாகிவிட்டது. கண்ணாடி போட்டுப் படி.

மெதுவாத் தட்டினாப் போதும். உன் கைன்னு எனக்குத் தெரியும். அப்பா.